பக்கத்து கவுண்டரில் கேளுங்க

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகவும், வந்தும் பின்வரிசையில் சரியாகக் கேட்காதவர்களுக்காகவும்.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, வைப்புத்தொகை வட்டி, நாமினி படிவம், ஆன்லைன் மோசடி என்று ஏதோ ஒன்றைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கிளார்க்காக இருந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ஆனால் இன்று நான் பேசப்போவது ஜப்பான்காரர்கள் எடுத்த சினிமாவையும் டிவி தொடர்களையும் பற்றி. கடைசியில் வங்கிக்கும் வந்து சேருவேன், நம் வடிகால் மனுவுக்கும் வந்து சேருவேன். அதனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது 2020 ஊரடங்கில். வடசேரி சந்தைக்குக்கூடப் போக முடியாமல் வீட்டுக்குள் கிடந்த நாட்கள். வெளியூரில் இருக்கும் மகன் போனிலேயே வழி சொல்லி டிவியில் நெட்ஃபிளிக்ஸ் வைத்துக் கொடுத்தான். எதையோ அழுத்தப் போய் எதுவோ ஓடியது. டோக்கியோவில் ஒரு சந்துக்குள் சின்னச் சாப்பாட்டுக் கடை. இரவு பன்னிரண்டு மணிக்குத் திறந்து காலை ஏழு மணிக்கு மூடுவார்கள். சுவரில் எழுதியிருக்கும் பலகாரம் ஒன்றிரண்டுதான். ஆனால் கையில் சாமான் இருந்தால், கேட்டதைக் கடைக்காரர் செய்து தருவார். அந்தத் தொடரின் பெயர் ‘மிட்நைட் டைனர்’. யாரோ அபே என்பவரின் படக்கதையிலிருந்து எடுத்தது. 2009-ல் ஜப்பான் டிவியில் தொடங்கியது. ஒரு பகுதி அரை மணி நேரம்கூட வராது.

அதில் ஒரு கதை. சாப்பாட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதும் பெரிய விமர்சகர் ஒருவர் அந்தக் கடைக்கு வருகிறார். எல்லோரும் பயப்படுகிறார்கள். அவர் கேட்பது என்ன தெரியுமா? சூடான சோற்றில் ஒரு துண்டு வெண்ணெய், மேலே கொஞ்சம் சோயா சாறு. அவ்வளவுதான். ‘நாம சின்ன வயசுல சுடுசோத்துல நெய்யும் உப்பும் போட்டுப் பிசைஞ்சு தின்னோமே, அதுதாம்லா இது’ என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து விட முடியவில்லை. என் மனைவிக்கு ஆரம்பத்தில் பொறுமை இல்லை. “ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காவளே, இதுல என்னத்தப் பாக்கிய?” என்று கேட்டாள். இப்போது என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள்.

ஜப்பான் படம் என்றதும் நமக்குத் தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். பழைய உறவுதான். 1954-ல் ஏவி.எம். எடுத்த ‘அந்த நாள்’ படத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். சிவாஜி நடித்த, ஒரு பாட்டுகூட இல்லாத படம். அதை இயக்கிய வீணை எஸ். பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவில் அகிரா குரோசவாவின் ‘ரஷோமான்’ படத்தைப் பார்த்தார். ஒரே கொலையை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லும் படம் அது. 1951-ல் வெனிஸ் விழாவில் பெரிய பரிசு வாங்கியது. அந்தச் சொல்முறை மனசில் தங்கித்தான் அவர் ‘அந்த நாள்’ எடுத்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், ‘அந்த நாள்’ கதை நடப்பதே ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட காலத்தில்தான். பதினோரு வருடத்துக்கு முன் குண்டு போட்ட நாட்டிலிருந்து நாம் ஒரு கதை சொல்லும் முறையைக் கடன் வாங்கியிருக்கிறோம். அந்தக் கடனை ரஜினிகாந்த் அடைத்தார் என்று சொல்லலாம். 1998-ல் ‘முத்து’ ஜப்பானில் வெளியாகி, டோக்கியோ தியேட்டரில் மாதக்கணக்கில் ஓடியது. வரவு செலவு சரியாகிவிட்டது.

டிவி தொடருக்கு வருகிறேன். இங்கே பெண்கள் பலர் இருக்கிறீர்கள். நம் சீரியல்கள் வருடக்கணக்கில் ஓடுகின்றன. எப்போது முடியும் என்று எடுப்பவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. ஜப்பானில் என்.எச்.கே. என்கிற பொது ஒலிபரப்பு நிறுவனம் காலையில் தினமும் பதினைந்து நிமிடம் ஒரு தொடர் போடும். பொதுவாக ஆறு மாதம், அபூர்வமாக ஒரு வருடம். முதல் நாளே முடிவு நாள் தெரியும். அதில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது ‘ஓஷின்’. 1983 ஏப்ரலில் தொடங்கி 1984 மார்ச்சில் முடிந்தது. மொத்தம் 297 பகுதிகள். எழுதியவர் சுகாகோ ஹாஷிதா என்ற அம்மையார். ஜப்பானில் சராசரியாக நூற்றுக்கு ஐம்பத்திரண்டு வீடுகளுக்கு மேல் அதைப் பார்த்தன. பக்கத்தில் இலங்கையிலும் ரூபவாஹினியில் வந்து வீட்டுக்கு வீடு பேசப்பட்டது.

கதை இதுதான். வடக்கே யமகதா பகுதியில் ஒரு குத்தகை விவசாயி வீட்டுப் பெண் ஓஷின். வயிற்றுக்குப் போதாமல், அரிசி கூடுதலாகத் தெரியட்டும் என்று முள்ளங்கியை நறுக்கிச் சோற்றோடு சேர்த்து வேகவைத்துத் தின்னும் குடும்பம். ஏழு வயதில், ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக அவளை வேறு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புகிறார்கள். பனி பெய்யும் ஆற்றில் ஒரு மரத்தெப்பத்தில் குழந்தை போகிறது, கரையில் அப்பா ஓடி வருகிறார். இதைப் பார்த்தபோது எனக்கு என் ஆச்சி ஞாபகம் வந்தது. நாஞ்சில் நாடு நெல் விளையும் பூமிதான். ஆனாலும் இரண்டாம் உலகப் போர் சமயம் திருவிதாங்கூரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, ஜனங்கள் மரச்சீனிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். “வயலு பக்கத்துல இருக்கும், சோறு இருக்காது மக்கா” என்று ஆச்சி சொல்லுவாள். முள்ளங்கிச் சோறும் மரச்சீனியும் ஒரே கணக்குதான்.

ஓஷினுக்கு மாமியார் கொடுமையும் உண்டு, அதில் நமக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். தொடர் தொடங்கும்போதே ஓஷினுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. குடும்பத்துக்குச் சூப்பர் மார்க்கெட் கடைகள் இருக்கின்றன. புதிய கடை திறக்கிற நாளில் கிழவி யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்விடுகிறாள். எங்கே தவறினோம் என்று திரும்பிப் பார்க்கத்தான் போகிறாள். ஜெயித்தவளுக்கு வருகிற கேள்வி அது. ஓய்வு பெற்று, கடன் அடைத்து, பிளாட் வாங்கி உட்கார்ந்திருக்கிற நமக்கும் ராத்திரி தூக்கம் வராதபோது அந்தக் கேள்வி வருகிறதா இல்லையா?

அடுத்து நம் குடியிருப்பில் பாதிப் பேருக்குப் பொருந்துகிற ஒரு படம். யசுஜிரோ ஓசு எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’, 1953. ஓசு தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் கேமராவை வைப்பார். நாமும் அந்த வீட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். 1903 டிசம்பர் 12-ல் பிறந்து, 1963 டிசம்பர் 12-ல், சரியாகத் தன் அறுபதாவது பிறந்தநாளில் இறந்துபோனவர்.

ஒனோமிச்சி என்கிற கடலோர ஊரில் இருக்கும் வயதான தம்பதி, டோக்கியோவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மூத்த மகன் டாக்டர். மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் யாருக்கும் நேரம் இல்லை. இரண்டு பேரும் பணம் சேர்த்து அப்பாவையும் அம்மாவையும் ஒரு வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பி வைக்கிறார்கள். அங்கே ராத்திரி முழுக்க ஆட்டமும் சத்தமும், கிழவருக்கும் கிழவிக்கும் தூக்கம் இல்லை. போரில் இறந்துபோன இன்னொரு மகனின் மனைவி நோரிகோ மட்டும்தான் ஆபீசுக்கு லீவு போட்டு அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறாள். ஊர் திரும்பியதும் அம்மா இறந்துபோகிறார். துக்கத்துக்கு வந்த மகள், அம்மாவின் உடுப்பில் எது தனக்கு என்று கேட்கிறாள். நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால், நாமும் ஒரு காலத்தில் அந்த மகன், மகளாகத்தானே இருந்தோம்?

என் அப்பா ஊரிலிருந்து பஸ் பிடித்து என் பிராஞ்சுக்கே ஒருநாள் வந்தார். அரையாண்டுக் கணக்கு முடிக்கிற சமயம். “கேன்டீன்ல காப்பி குடிச்சிட்டு இரிங்கப்பா” என்று அனுப்பி வைத்தேன். வேலை முடிந்து போய்ப் பார்த்தபோது, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போயிருந்தார். அப்பா அதைப் பற்றி ஒருபோதும் குறை சொல்லவில்லை. இந்தப் படம் பார்க்கிறவரை எனக்கும் ஞாபகம் இல்லை.

இப்போது, நான் முக்கியமாகச் சொல்ல வந்த படம். குரோசவாவின் ‘இகிரு’, 1952. ‘வாழ்வது’ என்று பொருள். ‘லிவிங்’ என்று 2022-ல் ஆங்கிலத்திலும் எடுத்தார்கள். ஆனால் மூலப்படத்தைப் பாருங்கள்.

கன்ஜி வதனாபே என்று ஒரு நகராட்சிப் பிரிவுத் தலைவர். தகாஷி ஷிமுரா நடித்திருப்பார். சுமார் முப்பது வருடம் ஒருநாள்கூட லீவு போடாதவர். மேஜையைச் சுற்றிக் காகிதக் கட்டு. அவர் வேலை முத்திரை குத்துவது. ஒருநாள் பெண்கள் கூட்டமாக மனு கொண்டு வருகிறார்கள். தெருவில் சாக்கடைத் தண்ணீர் தேங்கிக் குழந்தைகளுக்கு வியாதி வருகிறது, அதைத் தூர்த்து விளையாட்டுப் பூங்கா ஆக்கித் தாருங்கள் என்று. பொதுப்பணிப் பிரிவுக்குப் போங்கள் என்கிறார்கள். அங்கே போனால் பூங்காப் பிரிவு. அங்கிருந்து சுகாதாரம். இப்படி ஒவ்வொரு கவுண்டராகச் சுற்றி, கடைசியில் முதலில் போன கவுண்டருக்கே அனுப்பப்படுகிறார்கள். இந்தக் காட்சியைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள். நான் சிரிக்கவில்லை.

வதனாபேக்கு வயிற்றில் புற்றுநோய். டாக்டர் சொல்லவில்லை, அவராகவே புரிந்துகொள்கிறார். இன்னும் சில மாதம்தான். சேமிப்பை எடுத்துக்கொண்டு ஒரு ராத்திரி குடித்துப் பார்க்கிறார், ஆட்டம் பார்க்கிறார், ஒன்றும் ஒட்டவில்லை. அவர் ஆபீசில் வேலை பார்த்த ஒரு சின்னப் பெண், ராஜினாமா செய்துவிட்டுப் பொம்மைத் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறாள். அங்கே முயல் பொம்மை செய்கிறாள். இதைச் செய்யும்போது ஊர்க் குழந்தைகள் எல்லாரோடும் விளையாடுவதுபோல இருக்கிறது என்று அவள் சொன்னதும், கிழவருக்கு ஏதோ பொறி தட்டுகிறது. ஆபீசுக்குத் திரும்பி, அந்தப் பெண்களின் மனுவை எடுக்கிறார்.

இங்கே குரோசவா ஒரு காரியம் செய்கிறார். சட்டென்று ஐந்து மாதம் தாண்டி, வதனாபேயின் துக்கவீட்டுக்குப் படம் போய்விடுகிறது. பூங்கா கட்டியாகிவிட்டது. துணைமேயர் பெருமையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். கூட வேலை பார்த்தவர்கள் குடித்துக்கொண்டே, உண்மையில் யார் அந்தப் பூங்காவைக் கட்டியது என்று வாதாடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஞாபகம். எந்த அதிகாரி விரட்டினாலும் வதனாபே நகராமல் தலைகுனிந்து நின்றது, கோபப்படாமல் திரும்பத் திரும்பப் போனது. கடைசியில் எல்லாரும் அழுது, இனி நாமும் அவரைப்போல வேலை செய்வோம் என்று சபதம் எடுக்கிறார்கள். மறுநாள் ஆபீஸ். ஒரு மனு வருகிறது. புதிய தலைவர், வேறு பிரிவுக்கு அனுப்பு என்கிறார். ஒரே ஒரு கிளார்க் சட்டென்று நாற்காலியை விட்டு எழுகிறான். எல்லாரும் அவனைப் பார்க்கிறார்கள். அவன் மெல்ல உட்கார்ந்து காகிதக் கட்டுக்குப் பின்னால் மறைந்துபோகிறான்.

எழுந்து உட்கார்ந்த அந்த ஆள் நான்தான். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கம்ப்யூட்டர் வராத காலம், எல்லாம் லெட்ஜர்தான். தோவாளையிலிருந்து பூக்கட்டும் ஒரு அம்மா வந்தார். கணவர் இறந்துவிட்டார். அவர் சேமிப்புக் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. நாமினி போடவில்லை. முதல் தடவை, இறப்புச் சான்று கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டு வந்தார். இரண்டாம் தடவை, வாரிசுச் சான்று வேண்டும் என்றேன். தாலுகா ஆபீசுக்கு நடந்து அதையும் வாங்கி வந்தார். மூன்றாம் தடவை, ஜாமீன் கையெழுத்து வேண்டும், அதெல்லாம் பக்கத்து கவுண்டரில் கேளுங்க என்றேன். பக்கத்து கவுண்டர்காரர் லீவு. “அப்பம் நாளைக்கு வரட்டா சாரே?” என்று கேட்டார். வாங்க என்றேன், தலையை நிமிர்த்தாமல். அவர் பிறகு வரவில்லை.

நான் சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை. கேட்ட சான்றுகள் எல்லாம் தேவையானவைதான். ஆனால் என்னென்ன வேண்டும் என்று முதல் நாளே ஒரு துண்டுத்தாளில் மொத்தமாக எழுதிக் கொடுத்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. மூன்று நாள் பூ வியாபாரமும் பஸ் காசும் அந்த அம்மாவுக்கு மிஞ்சியிருக்கும். சில வருடம் கழித்து, இயங்காத கணக்குகளைப் பிரித்து எழுதும் வேலை எனக்கு வந்தது. அந்தப் பெயரை என் கையால்தான் பெயர்த்து எழுதினேன். அப்போதும் ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டு, முகவரிக்கு ஒரு கடிதம் போடலாமா என்று நினைத்தேன். அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

இப்போது நம் வடிகால் விஷயம். பின்பக்கத்து வடிகால் அடைத்து, மழை பெய்தால் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறுகிறது. பொருளாளரும் நானும் எட்டு மாதமாக மனுவோடு அலைகிறோம். ஒரு ஆபீசில், இது எங்கள் எல்லை இல்லை என்றார்கள். இன்னொன்றில், முதலில் அங்கே எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள். போன மாதம் ஒரு இளைஞர், “அடுத்த செக்‌ஷன்ல கேளுங்க சார்” என்றார், தலையை நிமிர்த்தாமல். பொருளாளருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எனக்கு ஏனோ கோபம் வரவில்லை. அந்தப் பையன் உட்கார்ந்திருந்த நாற்காலி எனக்குத் தெரிந்த நாற்காலி. “தம்பி, நாங்க என்னென்ன கொண்டு வரணும்னு ஒரு தாள்ல மொத்தமா எழுதித் தந்துருங்க. இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்” என்றேன். அவர் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்தார். ஐந்து இனம். மூன்று நம் கையில் இருக்கிறது. பாக்கி இரண்டு: வடிகாலின் அளவு போட்ட வரைபடம், எல்லாக் குடும்பமும் கையெழுத்திட்ட தீர்மானம். வடிகால் இன்னும் சரியாகவில்லை. ஆனால் எட்டு மாதத்தில் முதல் தடவையாக, எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறது.

அதனால் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, வெளியே போகும்போது மேஜையில் இருக்கும் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் போடலாம்.

இரண்டு, வரும் மாதம் ஒரு ஞாயிறு மாலை நம் ஹாலில் ‘இகிரு’ படத்தைச் சேர்ந்து பார்ப்போம். என்னிடம் பிரதி இருக்கிறது. இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், கறுப்பு வெள்ளை, கீழே ஆங்கிலத்தில் எழுத்து வரும். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்கிறேன். முதல் அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். காப்பியும் ரசவடையும் என் செலவு.

மூன்றாவது, இது என் சொந்த விஷயம். இனி ஞாயிறுதோறும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை சங்க அறையில் உட்கார்ந்திருப்பேன். நாமினி போடாத கணக்கு இருந்தால் பாஸ்புத்தகத்தோடு வாருங்கள், படிவம் நிரப்பித் தருகிறேன். இறந்துபோனவர் பெயரில் பழைய கணக்கு இருந்தால், பணம் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் இயங்காத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். அப்போதும் வாரிசுகள் அந்தந்த வங்கியில் கேட்டு வாங்கலாம். ‘உத்கம்’ என்று ரிசர்வ் வங்கியே 2023-ல் ஒரு இணையதளம் வைத்திருக்கிறது, அதில் பெயரைப் போட்டுத் தேடலாம். உங்களுக்கு மட்டுமல்ல. வீட்டு வேலைக்கு வருகிற அக்காமார், வாசலில் நிற்கிற காவலாளி, பூ கொண்டு வருகிற அம்மா, எல்லாரையும் அனுப்பி வையுங்கள். என்னென்ன வேண்டும் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுப்பேன். பக்கத்து கவுண்டர் என்று ஒன்று அங்கே கிடையாது.